மூன்று புள்ளியும் ஒரு பிறையும்

கட்டபெட்டு
வெள்ளிக்கிழமை காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி நல்லசாமி அவர்களுக்கு, தேயிலை ஃபேக்டரியில் ஓய்வுபெற்ற டீ மேக்கர் கருணாகரன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஜானகியும் விடாத மழையும் நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் தென்னை மரங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பேரன் இருபத்திரண்டு நாளில் நன்றாக எடை கூடியிருப்பதாக என் மகள் ஷண்முகப்ரியா போனில் சொன்னாள். எங்கள் பக்கத்து உடம்பு, அப்படித்தான் இருக்கும். மலையில் குளிர் என்று சொல்லித் தலைப்பிரசவத்தையே பொள்ளாச்சியில் வைத்துக்கொண்டீர்கள், அதைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், பேரனுக்கு என் தகப்பனார் சங்கிலியின் பெயரை வைக்க வேண்டும் என்று நான் கேட்டதும், பர்மா யுத்தத்தில் வெள்ளைக்கார கேப்டன் தன் இடுப்பிலிருந்து அவிழ்த்து அவருக்குக் கொடுத்த ரிவால்வர் இன்னும் எங்கள் வீட்டில் இருப்பதை எடுத்துச் சொன்னதும், தாங்கள் சொன்ன பதில் நினைவிருக்கும். "அதுங்களா? நாடகக் கம்பெனித் துப்பாக்கியாட்ட இருக்குதுங்க. பட்டாளத்துச் சாமான்தான்னு வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட எழுதி வாங்கியாங்க, உங்கப்பா பேரையே வெச்சறலாமுங்க. இல்லீன்னா எங்கப்பா கருப்புசாமி பேருதானுங்க." மாப்பிள்ளை சரத் சாட்சி, போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இருந்தாலும் காது அங்கேதான் இருந்தது. நாடகக் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுப்பார்களா சம்பந்தி? தேர்தல் என்றால் தங்களுக்கு ஓட்டுச்சாவடியில் மட்டும்தான் வேலை. எனக்குப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து முன்னதாகவே ஆள் வருகிறது, துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று. இந்த மலையில் எத்தனை பேருக்கு அந்த மரியாதை கிடைக்கும்?

ஊருக்கு வந்த அன்றே ரிவால்வரை எடுத்து மேஜையில் வைத்தேன். முத்திரைகள் இருக்கின்றன என்று தெரியும், என்ன முத்திரை என்றுதான் தெரியாது, ஏனென்றால் எழுபதுக்கு மேற்பட்ட ஆயுத பூஜைகளில் அதற்கு வைத்த சந்தனமும் குங்குமமும் ஒவ்வொரு குழியிலும் காரை பூசியது போல இறுகிக் கிடந்தன. ஊசி உடைந்தது, தேங்காயெண்ணெய் பலிக்கவில்லை, கடைசியில் என் பல்செட் தேய்க்கிற பிரஷ்ஷை எடுத்தேன். "ஏனுங்க, அதை மறுபடி வாயில வெச்சுப்போடாதீங்க" என்று ஜானகி சத்தம் போட்டாள், அதற்குள் மறுநாள் காலை வந்துவிட்டது, நானும் மறந்து வைத்துவிட்டேன், இரண்டு நாளைக்குப் பேசினாலே குங்கும வாசம். போகட்டும். ஒரு அம்பு தெரிந்தது, ஒரு கிரீடம் தெரிந்தது, பிறகு எண்களும் எழுத்துகளுமாக வந்துகொண்டே இருந்தன. முப்பத்தெட்டு வருஷம் தேயிலைப் பெட்டிக்கு முத்திரை போட்டவன் நான், இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டா என்று, கிரீடம் தோட்டத்தின் அடையாளம், எழுத்து ரகம், எண் வரிசை என்று கணக்குப் போட்டுப் படித்ததில், என் தகப்பனாரின் ரிவால்வர் இரண்டாம் தரத் தூள் என்று வந்தது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

அடுத்ததாக, பக்கத்து வீட்டுக் கனிஷ்காவைக் கூப்பிட்டு ரிவால்வரைப் போட்டோ எடுக்கச் சொல்லி, "இதற்கு என்ன பதில்?" என்று எழுதி, பட்டாளத்தில் இருந்த நண்பருக்கு அனுப்பினேன். அனுப்பியது சிறு தேயிலை விவசாயிகள் குரூப்புக்குப் போய்விட்டது. என் தோட்டத்து இலையை முற்றல் என்று அதற்கு முந்தின நாள்தான், அதே குரூப்பில் இருக்கும் இலை ஏஜென்ட் திருப்பி அனுப்பியிருந்தார். ஐந்தே நிமிஷத்தில் அவரிடமிருந்து போன். "அண்ணா, எதுக்குங்ணா இதெல்லாம்? உங்க எலை கொழுந்துதானுங்க. நான்தான் கண்ணாடி போடாமப் பாத்துட்டனுங்க. நாளைக்கே வண்டி அனுப்பறனுங்க." வண்டியும் வந்தது. என் தகப்பனாருக்கு இன்றைக்கும் உள்ள செல்வாக்கைப் பாருங்கள்.

இப்போது முக்கியமான கட்டம். ராணுவ ஆயுதப் பட்டறையில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டுக் குன்னூரில் குடியிருக்கும் கீர்த்திவாசன் என்பவர், சாமானைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது என்பதால், தாமே எங்கள் வீட்டுக்கு வந்தார். பூதக்கண்ணாடி வைத்து ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அம்பு என்றால் சர்க்கார் சொத்து. கிரீடமும் எண்ணும் சோதனை அதிகாரி வைத்தது. ஒன்றோடொன்று முனை முட்டுகிற மாதிரி இரண்டு அம்பு இருக்கிறது, அது ராணுவம் வேண்டாம் என்று கழித்து வெளியே விட்டதற்கு அடையாளமாம். வேண்டாம் என்பது அவர் வார்த்தை, ராணுவமே மனமுவந்து விடை கொடுத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன். "சார், இது அசல் பட்டாளத்து ரிவால்வர். ஆனா இது ஒண்ணுதான் புரியலை" என்று காட்டினார். உடலில், குழலில், தோட்டா உருளையில், மூன்று இடத்திலும் ஒரே குறி: மூன்று புள்ளி, கீழே ஒரு பிறை, பக்கத்தில் 47. எந்தப் புத்தகத்திலும் இது கிடையாதாம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது சம்பந்தி! புத்தகத்திலேயே ஏற்றாத ரகசியப் படை! அதில் என் அப்பன் சங்கிலி!

கீர்த்திவாசன் கையெழுத்திட்ட தாள் இத்துடன் இருக்கிறது. பட்டாளத்துத் துப்பாக்கியேதான் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறார். சொன்ன சொல்லைத் தாங்கள் காப்பாற்றுவீர்கள் என்று எனக்குத் தெரியும். சம்பந்தியம்மாவுக்கு ஜானகி தனியாக வர்க்கி பிஸ்கட் கட்டி வைத்திருக்கிறாள். குழந்தை சங்கிலி நூறு வயசு நோய்நொடியின்றி வாழ்ந்து இரண்டு குடும்பத்துக்கும் பேர் வாங்கித்தர ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
சங்கிலி மகன் கருணாகரன்

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகிற வழியில் நான் வேலை பார்த்த பழைய ஃபேக்டரிக்குள் எட்டிப் பார்த்தேன். ஃபிட்டர் வினோத், இலை உருட்டும் பழைய ரோலரை முழுசாகக் கழற்றிப் போட்டிருந்தான். "ஐயா, இங்க வந்து பாருங்க, எவரோ நெலாவைக் குத்தி வெச்சிருக்காரு" என்றான். எழுபது வயசில் எண்ணெய்த் தரையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று புள்ளி, ஒரு பிறை. பக்கத்தில் 42. அடுத்த தட்டில் 43. அப்புறம் 44, 45. கழற்றிய பாகங்கள் மாறிவிடாமல் இருக்க, ரிப்பேர் செய்கிற ஃபிட்டர் குத்துகிற குறி அது, எண் ரிப்பேர் செய்த வருஷம். அந்த நாளில் அங்கே இருந்த ஒரே ஃபிட்டர் என் அப்பாதான். டீ மேக்கர் இலையைப் பார்ப்பவன், ரோலருக்கு அடியில் நான் ஒருநாளும் படுத்ததில்லை. யுத்தம் நடந்த அத்தனை வருஷமும் அவர் அங்கேதான் படுத்திருக்கிறார். பர்மாவை விடுங்கள், மேட்டுப்பாளையம் தாண்டினாரா என்பதே சந்தேகம். நாற்பத்தேழில் தன் ஊருக்குக் கப்பலேறிய தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, ரிப்பேருக்குக் கொடுத்த ரிவால்வரை அவரிடமே விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். பர்மாக் கதையை அப்பா சொன்னாரா, நானே சொல்லிச் சொல்லிச் சேர்த்தேனா, சத்தியமாகத் தெரியவில்லை.

கடிதத்தைப் போடாமல் வீட்டுக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னேன். "பேசாம ஒட்டி அனுப்புங்க, அவிகளுக்கு என்ன தெரியப்போகுது" என்றாள் ஜானகி. தெரியாதுதான். ஆனால் தான் செய்த வேலையில் மட்டும் குறி குத்திய மனுஷன் பேரை, அவர் போகாத யுத்தத்தைக் காட்டி வாங்க எனக்கு மனசு வரவில்லை சம்பந்தி. பட்டாளம் கழித்துப் போட்டதை ஓட வைத்தவர் அவர், ரோலர் போன வாரம் வரைக்கும் ஓடியிருக்கிறது. எனக்கு அது போதும். பிள்ளைக்குத் தங்கள் தகப்பனார் கருப்புசாமியின் பெயரையே வையுங்கள். பேர் வைக்க நானும் ஜானகியும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவோம். பிள்ளையின் காதில் மூன்று தரம் பேர் சொல்ல என் முறை வரும்போது மட்டும், தயவுசெய்து, பக்கத்தில் வந்து நிற்காதீர்கள்.