செல்லி கடைக்குத் திருஷ்டிப் பொட்டு

எல்லோருக்கும் வணக்கம். சௌக்கியமா இருக்கீங்களா? மலையில் காற்று ஈரமாகத்தான் இருக்கிறது. உங்கள் பக்கம் மூட்டுவலி, இருமல் ஒன்றும் இல்லையே? இருந்தால் கொள்ளு ரசம் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். இன்று பேசப்போவது மனித குலத்தின் மாபெரும் முன்னேற்றத்தைப் பற்றி.

முன்பெல்லாம் அடுப்பில் புகை வந்தால் கடை இருக்கிறது என்று அர்த்தம். அது அறியாமைக் காலம். இப்போது கைபேசியில் தெரிந்தால்தான் கடை உண்டு. இது தெரியாமலே ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் செல்லி பல வருஷமாகச் சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பத்தூரிலிருந்து வந்த சுவேதாதான் அவள் கண்ணைத் திறந்தாள். சுவேதா ஒரு "டிஜிட்டல் இருப்பு ஆலோசகர்".

"தேடிப் பாத்துட்டங்க்கா. உங்க கடை எங்கியும் இல்ல."

"இல்லன்னா? நீ இப்போ எங்க குந்திக்கினு சாப்புட்ற?"

"அது வேறக்கா. மேப்புல இல்ல."

செல்லி சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொண்டாள். அடுப்பு இருந்தது, பெஞ்சு இருந்தது, பெஞ்சுக்கடியில் நாயும் இருந்தது. இருந்தாலும் படித்த பெண் சொன்னால் விஷயம் இருக்கும் என்று ஒப்புக்கொண்டாள்.

ஒப்புக்கொள்ளக் காரணம் இருந்தது. மலைப்பாதை வளைவில் ஃப்ரைடு ரைஸ் கடை ஒன்று வந்ததிலிருந்து வெளியூர் வண்டிகள் செல்லி கடை முன்னால் நிற்பதில்லை. சந்தை நாளில் வரும் நம் சனங்களை மட்டும் நம்பி அடுப்பு எரியாது. கோடை விழாவுக்கு வேன் வேனாக ஆள் கூட்டிவரும் வேலூர் கம்பெனி ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குக் கடை தேடிக்கொண்டிருந்தது. அது கிடைத்தால் கடை பிழைக்கும். கிடைக்காவிட்டால் பூட்டிவிட்டுப் போளூரில் தங்கை வீட்டோடு போய்விடுவது என்று செல்லி முடிவு செய்திருந்தாள். கம்பெனியின் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கைபேசியில் கடைக்கு நாலு நட்சத்திரமாவது இருக்க வேண்டும். சோற்றைப் பற்றி நிபந்தனை ஏதும் இல்லை.

சுவேதாவின் "உத்திகள்" உடனே அமலுக்கு வந்தன. செல்லி சாப்பாட்டுக்கடை 'ஜவ்வாது மில்லட் கிச்சன்' ஆயிற்று. செல்லி குழம்பு கிண்டுவதை வீடியோ எடுத்தார்கள்.

"மெதுவா கிண்டுங்கக்கா. சிரிச்சிக்கினே கிண்டுங்க."

"சிரிச்சிக்கினு நின்னா அடி புடிச்சிக்கும்மா."

"அடி வீடியோல தெரியாதுக்கா."

அடி பிடித்தது. வீடியோவில் தெரியவில்லை. விஞ்ஞானம் வென்றது.

அடுத்தது நட்சத்திரம். சந்தை நாளன்று சுவேதா கடைவாசலில் நின்று, சாப்பிட்டுக் கை கழுவியவர்களையெல்லாம் மடக்கினாள். "கடை எப்படி இருக்குதுன்னு ஸ்டார் போட்டுட்டுப் போங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் போடலாம்." எல்லோரும் ஆசையாகப் போட்டார்கள். செல்லியின் அத்தை வெள்ளையம்மாள் பேத்தியின் போனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டாள்.

சாயங்காலம் பார்த்தால் அத்தனை பேரும் போட்டிருந்தது ஒரே ஒரு நட்சத்திரம். 'உப்பு இல்ல.' 'சோறு குழஞ்சிபோச்சி.' 'புளிப்பு சாஸ்தி.' சுவேதாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

செல்லி நேரே வெள்ளையம்மாளிடம் போனாள். "அத்தே, ரெண்டு தபா குழம்பு வாங்கி ஊத்திக்கினு உப்பு இல்லன்னு போட்டுக்கீற?"

"பின்ன, நல்லாக்கீதுன்னா போடுவாங்க? ஊரு உலகமே பாக்குதுன்றாளே அந்தப் பொண்ணு. அத்தினி கண்ணும் பட்டா கடை தாங்குமா? பச்சக் கொழந்திக்குக் கன்னத்துல மை வெக்கல? அதாம்மா இது. எல்லாரையும் ஒண்ணே ஒண்ணு வெக்கச் சொன்னதே நான்தான்."

தவறு சுவேதாவுடையதுதான். நம் மலையில் யாரும் மாடு நன்றாகக் கறக்கிறது என்றோ, கதிர் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றோ வாய்விட்டுச் சொல்வதில்லை. விருந்து தின்றுவிட்டு "ஏதோ இருந்திச்சி" என்றால் அதுவே உச்சபட்சப் பாராட்டு. இந்த நாகரிகத்தின் உயரம் திருப்பத்தூருக்கு எட்டாது.

சுவேதா வேறு வழி கண்டாள். காசு வாங்கிக்கொண்டு நட்சத்திரம் போடும் அவளுடைய 'டீம்' வேலை செய்தது. மறுநாள் காலையில் ஐந்தைந்து நட்சத்திரங்களாகக் கொட்டிக் கிடந்தன. போட்டவர்கள் முகம் தெரியாத பெரிய மனிதர்கள். செல்லி அவற்றைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"'கடல் காட்சி அருமை. நீச்சல் குளம் சுத்தமாக உள்ளது.'"

"நம்ம சன்னல்ல சாக்கடை தாம்மா தெரியும்."

"அதெல்லாம் கண்டுக்காதீங்கக்கா. மொத்தத்துல நாலு வந்துடுச்சி பாருங்க."

வந்துதான் விட்டது. சரியாக நாலு.

அடுத்த சந்தை நாளில் கம்பெனி ஆள் தேவராஜ் வந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு கடையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"நீச்சல் குளம் எங்கம்மா?"

செல்லி தண்ணீர்த் தொட்டியைக் காட்டினாள். அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். போனைக் கவிழ்த்து வைத்தார். இரண்டாம் சோறு கேட்டார், மூன்றாவதும் கேட்டார். கை கழுவிவிட்டுச் செல்லியிடம் வந்தார். அவரும் மலையடிவாரத்துப் போளூர்க்காரர்தான், நம் வழக்கம் தெரிந்தவர்.

"ஏதோ இருந்திச்சிம்மா," என்றார்.

செல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. தேவராஜ் அங்கேயே நின்று வேலூருக்குப் போன் போட்டார். விழா முடியும்வரை வேன்கள் எல்லாம் இங்கேதான்.

கடையில் இருந்தவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பெரிய அதிர்ஷ்டத்தை அப்படியே திறந்துபோட முடியுமா? முதலில் போனை எடுத்தவர் தேவராஜ்தான்.

"என் கண்ணே பட்டுடும்போலக்கீது. ஒத்த ஸ்டாரு பொட்டு வெச்சிட்றேன்."

"வெய்யிங்க சார்," என்றாள் வெள்ளையம்மாள். "நல்ல மன்சன்."

அவரைப் பார்த்துக் கண்டக்டர் வைத்தார். தேன் விற்க வந்தவர் வைத்தார். புளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர் வைத்தார். போன் இல்லாதவர்கள் இரவல் வாங்கி வைத்தார்கள். சுவேதா வேண்டாம் வேண்டாம் என்று பெஞ்சு பெஞ்சாக ஓடினாள். பாவம், அவளுக்குப் பாசம் புரியாது.

மறுநாள் காலை தேவராஜ் போன் செய்தார்.

"அக்கா, உங்க கடை நாலுக்குக் கீழ எறங்கிட்டுதாம். ஆபீசு கம்ப்யூட்டரு தானாவே தள்ளிட்ச்சி. வேனுங்கள ஃப்ரைடு ரைஸ் கடைக்கு மாத்திட்டாங்க."

"அங்க சாப்பாடு எப்டி சார்?"

"வாயில வெக்க முடியாதுக்கா. ஆனா ஸ்டாரு நல்லாக்கீது."

விழா முடிந்த வாரம் செல்லி அடுப்பை அணைத்துப் பாத்திரங்களைக் கட்டினாள். பூட்டுப் போடும்போது சனம் முழுக்க வந்து நின்றது. கைபேசியில் மட்டும் ஜவ்வாது மில்லட் கிச்சன் இன்றும் திறந்தே இருக்கிறது. குளமும் சுத்தமாகவே உள்ளது. வெள்ளையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்தப் பாவி கண்ணு பட்டுதோ தெர்ல."

போளூர் பேருந்தின் படியில் கால் வைத்த செல்லி திரும்பினாள்.

"கண்ணு ஒண்ணும் படல அத்தே. உங்க கைதான் பட்டுது."

உங்கள் ஊரிலும் இப்படி எல்லோரும் சேர்ந்து பாசமாகப் பொத்திப் பொத்தி மூடவைத்த கடை ஒன்று இருக்கும். எது என்று எழுதுங்கள். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதையும் எழுதலாம். இனிமேல் பயமில்லை, அதுதான் மூடியாயிற்றே.