பதினான்கு குடிசைகளுக்கு நம்பர் போட்ட கதை

படிச்சவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் ஒரு டப்பா சிவப்பு பெயிண்டை வைத்துக்கொண்டு ஒரு குடியிருப்பையே கெடுத்தவன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கமெல்லாம் காலரா பரவியபோது, சுகாதாரத் துறையில் எனக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. (தற்காலிகம் என்பது ஆர்டரில்தான். நடையில் நான் கலெக்டர்.) சென்னீர்குப்பத்துக்குப் பின்னால், ஏரிப் புறம்போக்கில் இருந்த இருளர் குடிசைகள் என் பொறுப்பு. பேதி கண்டவர்களுக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கொடுக்க வேண்டும். ஆனால் வீட்டு எண்ணை ரிஜிஸ்டரில் ஏற்றி, ஆபீசர் கையெழுத்துப் போடாமல் ஒரு பொட்டலம்கூடத் தரக்கூடாது என்று உத்தரவு. அந்தக் குடிசைகளுக்குக் கதவே கிடையாது, எண்ணுக்கு எங்கே போவது?

நான்தான் மகா மேதாவி ஆயிற்றே. பெயிண்டோடு போய், பதினான்கு மண்சுவர்களிலும் ஒன்று முதல் பதினான்கு வரை முத்து முத்தாக எழுதினேன். நின்று அழகு வேறு பார்த்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நம்பரில் முனியம்மாவின் மடியில் அவள் மகள் செல்வி துவண்டு கிடந்தாள். நான்கு வயது இருக்கும். உதடெல்லாம் வறண்டுபோயிருந்தது.

"காலைலேர்ந்து நிக்காம போய்கினே கீது சார். ஒரு பொட்டலம் குடு."

என் பையில் பொட்டலங்கள் இருந்தன. பாவி நான், உத்தரவை நினைத்துக்கொண்டேன்.

"நாளைக்குக் காலைல ஜீப் வரும்மா. அதுவரைக்கும் யாரும் எங்கயும் போயிடாதீங்க."

"ஜீப்பா சார்?" என்றார் அவள் புருஷன் கன்னியப்பன்.

"ஆமாம்பா, ஆபீசரே வர்றாரு," என்றேன் பெருமையாக. அவர் சுவரில் நான் எழுதிய ஒன்பதைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் ஜீப்பில் போய் இறங்கினோம். பதினான்கு நம்பரும் பளிச்சென்று இருந்தன. ஆட்கள்தான் இல்லை. கூரைமேல் போட்டிருந்த தார்ப்பாயைக்கூடச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மெயின் ரோட்டு டீக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதானா அது? இன்னா வேல பண்ணிக்கீற நைனா. போன தபாவும் இப்டித்தான், சொவுத்துல நம்பர் போட்டானுங்க. மறுநாளு ஜீப்புல வந்து குடிசைய எல்லாம் பிச்சி எறிஞ்சானுங்க. நேத்து நீ அந்தாண்ட போன, அவங்க இந்தாண்ட மூட்டை கட்டிட்டாங்க."

ஒரு வாரம் மாங்காடு, கோவில்பதாகை என்று சைக்கிளில் அலைந்தேன். ஒருவரும் கண்ணில் படவில்லை. ரிஜிஸ்டரில் ஆபீசர், 'இப்பகுதியில் நோயாளிகள் எவருமில்லை' என்று எழுதி நீட்டினார். கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போதும் கணக்கெடுப்புக்கு யாராவது வந்து எங்கள் சுவரில் நம்பர் எழுதினால், என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். "பெயிண்டை மட்டும் இவர் கையில குடுத்துடாதீங்க சார். இவர் நம்பர் போட்டா ஊரே காலியாயிடும்." வந்தவர் சிரிப்பார், பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

செல்வியைப் பற்றி வீட்டில் நான் இன்னும் சொல்லவில்லை.