உஷ் அக்கா தொலைத்த ஆடு

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரிந்த ஜீவராசி எதுவும் கிடையாது. மனிதர்கள், சேவல்கள், செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர்கள், மெலாவத்தி மலைக் குரங்குகள் எல்லாமே சத்தம் போட்டபடிதான் வாழ்கின்றன. அத்தனையையும் ஒற்றை விரலால் அடக்கிய பிறவி உலகத்தில் ஒருத்தர்தான். உஷ் அக்கா.

ஊர் ஊராகப் போய்த் தொலைக்காட்சி நிகழ்ச்சி எடுக்கும் சின்னக் குழுவில் நான் தொகுப்பாளன். அக்கா ஒலிப்பதிவாளர். அடையாள அட்டையில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. தலையில் ஹெட்ஃபோன். தோள் பையில் ரிசீவர்கள். பைக்கு வெளியே கரப்பான் மீசை மாதிரி ஆன்டெனாக்கள். பேட்டி கொடுப்பவரின் சட்டைக்குள் பட்டாணி அளவு மைக்கை ஒட்டி, இடுப்பில் தீப்பெட்டி போல ஒரு டிரான்ஸ்மிட்டரைச் செருகிவிடுவார். கம்பி கிடையாது. அந்த ஆள் எங்கே போய் எதைப் பேசினாலும் அக்காவின் காதில் வந்து விழும்.

பட்டுப்புடவை அவருக்குப் பிடிக்காது. "நீங்க பேசுறது கேக்கல, ஒங்க பொடவ பேசுறதுதான் கேக்குது" என்று ஒரு கல்யாணப் பெண்ணின் தாயாரிடமே சொல்லி, அந்த அம்மாளைப் பருத்திச் சேலைக்கு மாற வைத்தவர். கண்ணாடி வளையல், கொலுசு, காலரில் கஞ்சி, எல்லாவற்றுக்கும் தடை. விமானம் பறந்தால் வானத்தைப் பார்த்து விரலை வாயில் வைத்து "உஷ்!" என்பார். விமானி பயந்து சீக்கிரம் போய்விடுவதாக எங்கள் கேமராமேன் சத்தியம் செய்வார்.

பாசிர் பெனம்பாங்கில் ஒரு மீன் கடையில் பேட்டி. கடையின் ஐஸ் பெட்டி ஙொய் என்று முனகியது. அக்கா சுவிட்சை அணைத்தார். திரும்பப் போட மறந்துவிடக்கூடாதே என்று தன் கார் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். சாவியை எடுக்க வந்தால் சுவிட்ச் ஞாபகம் வந்துதானே ஆகவேண்டும்! அருமையான யோசனை. ஆனால் பேட்டி முடிவதற்குள் கடை முதலாளி தவுக்கே பெட்டியிலிருந்த இறாலைச் சாவியோடு அள்ளி, நிறுத்து, விற்றுவிட்டார். மாலையில் செரண்டாவிலிருந்து ஒருவர் தவுக்கேவுக்கு போன் போட்டுத் திட்டிய பிறகுதான் சாவி இருக்குமிடம் தெரிந்தது. நாங்கள் போய்க் கதவைத் தட்டியபோது அந்த வீட்டு அம்மாள் சொன்னார்: "வெந்துருச்சி லா அக்கா. மசாலா நல்லா ஏறிருக்கு."

பழைய கார் என்பதால் ஸ்டார்ட் ஆனது. வெகுநாள்வரை அதில் ஏறியவர்களுக்கெல்லாம் பசித்தது.

மெலாவத்தி மலையில் இன்னொரு கூத்து. அங்கே சாம்பல் நிறக் குரங்குகள் சாது. மற்ற வகை அசல் ரவுடிகள். நான் கேமராவைப் பார்த்து வரலாறு பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு ரவுடி என் இடுப்பிலிருந்த டிரான்ஸ்மிட்டரை மைக்கோடு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா மட்டும் ஹெட்ஃபோனை அழுத்திக் கண்ணை மூடினார்.

"உஷ்! யாரும் பேசாதீங்க. கச்சாங் கொட்டைய ஒடைச்சித் திங்குது. என்னா தெளிவு!"

கடைசியில் குரங்கு அதைப் பாறையில் போட்டு உடைத்தது. அக்கா பெருமூச்சு விட்டார். "விழுற வரைக்கும் ஒரு கரகரப்பு இல்ல. உங்கள விட நல்லாப் பேசுச்சு தம்பி."

உடைந்ததற்குப் பதிலாக டைரக்டர் இணையத்தில் மலிவான செட் ஒன்றை வாங்கினார். அந்தச் செட்தான் ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் எங்களைச் சந்தி சிரிக்க வைக்கப் பார்த்தது.

அதற்கு முன் அக்காவைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். மைக் மாட்டிய கொஞ்ச நேரத்தில் ஜனங்கள் அதை மறந்துவிடுவார்கள். மாட்டியபடியே புருஷனைத் திட்டுவார்கள், டைரக்டரைத் திட்டுவார்கள், கழிப்பறைக்குப் போவார்கள், தனியாக அழுவார்கள். எல்லாம் அக்காவின் காதில் விழும். "என்னா கேட்டுச்சு அக்கா?" என்று நாங்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்போம். "காத்து" என்பார். அவ்வளவுதான். பிரியாணி வாங்கிக் கொடுத்தும் பேச்சு வரவில்லை.

அந்தத் தோட்டத்துக் கோயிலிலிருந்து பொங்கல் நேரலை. கோயில் தலைவர் ஐம்பதை நெருங்கும் பிரம்மச்சாரி. மீசையும் அதிகாரமும் உள்ளவர். அவரிடம் ஒரு வயர்லெஸ் மைக் இருந்தது. எங்கள் புதுச் செட்டும் அதுவும் ஒரே கடைச் சரக்கு. இரண்டும் மூன்றாம் நம்பர் சேனலில் இருந்தன. அக்கா காலையிலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"தலைவரே, நீங்களும் மூணு, நாங்களும் மூணு. ஒரே நம்பர்ல இருந்தா ஒங்க ஸ்பீக்கர்ல எங்க பேச்சு வரும். கொஞ்சம் மாத்திக்கிறீங்களா?"

"கோயில் மைக்க மாத்துறதா? அம்மன் கேட்டா யாரு பதில் சொல்றது?"

அக்கா முணுமுணுத்துக்கொண்டே எங்கள் செட்டை எட்டுக்கு மாற்றினார். கொஞ்ச நேரத்தில் தலைவருக்கு மனசு உறுத்தியிருக்கிறது. வந்த விருந்தாளியிடம் இப்படிப் பேசிவிட்டோமே என்று தன் மைக்கையும் ரிசீவரையும் யாருக்கும் சொல்லாமல் மாற்றிவிட்டார். எட்டு அவருக்கு ராசியான எண்.

முதல் விருந்தினர் தலைவர்தான். அக்கா அவர் சட்டைக்குள் எங்கள் மைக்கை ஒட்டினார். நேரலை தொடங்கச் சற்று நேரம் இருந்தது. "வாய் கொப்புளிச்சிட்டு வந்துர்றேன்" என்று தலைவர் ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போனார். அங்கே எங்கள் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. யாருக்கும் கேட்காத இடம் என்று பார்த்துத்தான் போயிருக்கிறார், பாவம்.

கம்பத்து உச்சியில் கட்டியிருந்த கோயில் ஸ்பீக்கர் கனைத்தது.

"டீச்சர்..."

கோலம் போட்டவர்களின் கை நின்றது.

"டீச்சர், நான் தலைவரா பேசல. மனுசனா பேசுறேன்... ம்ஹூம், இது வேணாம். டீச்சர், ரொம்ப நாளா ஒன்னு சொல்லணும்னு..."

ஜெனரேட்டர் இரைச்சலும் சேர்ந்து வந்ததால் குரல் யாருடையது என்று சட்டெனப் பிடிபடவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில் டீச்சர் என்றால் ஒரே ஒருவர்தான். பாலர் பள்ளி டீச்சர். கையில் கரண்டியோடு பொங்கல் பானைக்குப் பக்கத்தில் உறைந்து நின்றார்.

அக்கா ஸ்பீக்கரைப் பார்த்து "உஷ்!" என்றார். அவர் வாழ்க்கையில் முதன்முறையாக அது பலிக்கவில்லை.

"போய் அவர்கிட்ட சொல்லிடலாமே அக்கா" என்றேன்.

"சொன்னா அந்த மனுசன் இனி இந்தக் கோயில் வாசல மிதிப்பாரா? வாய மூடிட்டு அந்த ஸ்டோர் ரூம் மூலையில போய் நில்லுங்க தம்பி. அவர் பேசி முடிச்சா கையத் தூக்குங்க."

கோயில் ரிசீவர் ஆபீஸ் ரூமில் இருந்தது. ரூம் பூட்டியிருந்தது. சாவி தலைவர் இடுப்பில். அக்கா எங்கள் புதுச் செட்டின் இன்னொரு டிரான்ஸ்மிட்டரை எடுத்து எட்டாம் நம்பருக்குத் திருகினார். இந்த வகை ரிசீவருக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் ஒருத்தர் பேசினால் தூரத்தில் பேசுபவரை அப்படியே மறந்துவிடும். அக்கா ஓடினார். படியேறவே மூச்சு வாங்கும் உடம்பு, ஆன்டெனாக்கள் ஆட, கோலங்களை மிதித்துக்கொண்டு, ஆபீஸ் ஜன்னலை நோக்கி ஓடியது.

"ஒங்க பேர் சொல்லிக் கூப்பிடலாங்களா..." என்று ஸ்பீக்கர் குழைந்து, அடுத்து பேரைச் சொல்ல வாயெடுத்த கணத்தில்,

"ஆடு! ஐயோ, என் ஆட்டக் காணோம்!"

அக்காவின் குரல் தோட்டம் முழுக்க இடியாக இறங்கியது.

"வெள்ள ஆடு! நெத்தியில கறுப்புப் பொட்டு! பேரு... பேரு ராணி! கூப்பிட்டா திரும்பாது, காது மந்தம்!"

நான் மூலையிலிருந்து எட்டிப் பார்த்தேன். தலைவர் ஜெனரேட்டருக்கு முன்னால் கைகூப்பி நின்று பேசிக்கொண்டே இருந்தார். கையைத் தூக்க வழியில்லை. அக்காவும் நிறுத்த வழியில்லை.

"தக்காளி சாப்பிடாது! மழைன்னா பயம்! சின்னப் புள்ளைலேருந்து தாயில்லாம வளந்த ஆடு! யாராச்சும் பாத்தீங்களா லா!"

சொல்லச் சொல்ல அக்காவின் குரலே தழுதழுத்தது. ஜனங்கள் தாங்குவார்களா? பானையை விட்டுவிட்டு ஆணும் பெண்ணும் செம்பனை மரங்களுக்குள் புகுந்து "ராணி! ராணி!" என்று கத்தினார்கள். காது மந்தம் என்று சொல்லியும்.

ஒருவழியாகத் தலைவர் முகத்தைத் துடைத்தார். நான் கையைத் தூக்கினேன். அக்கா மைக்கை அணைத்துவிட்டு ஜன்னலடியில் சரிந்து உட்கார்ந்தார். ஒன்றும் தெரியாத தலைவர் கம்பீரமாக வந்து, "என்னா, எல்லாரும் காட்டுக்குள்ள ஓடுறாங்க?" என்றார்.

"என் ஆட்டக் காணோம் தலைவரே."

"சூட்டிங்குக்கு ஆட்டையும் கூட்டியாந்தீங்களா?"

அக்கா பதில் யோசிப்பதற்குள் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மடியில் ஓர் ஆடு. நல்ல காப்பி நிறம். "இதானா அக்கா?" என்று கேட்டார் பெருமையோடு. அத்தனை முகங்களும் அக்காவையே பார்த்தன.

"இதேதான்" என்றார் அக்கா. வேறென்ன செய்வார்?

அன்றைய நேரலையைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். தலைவர் பொங்கலின் சிறப்பைச் சொல்லச் சொல்ல, நடுநடுவே ஓர் ஆடு ஆமோதித்துக்கொண்டே இருந்தது. நிகழ்ச்சி முடிவதற்குள் அதன் நிஜச் சொந்தக்காரர் வந்து சண்டை பிடித்தது தனிக்கதை.

கடைசி விருந்தினர் டீச்சர். எல்லாம் முடிந்து அவர் சேலையிலிருந்து அக்கா மைக்கைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். டீச்சர் கேட்டார்:

"அக்கா, ஆடு காணாமப் போறதுக்கு முன்ன ஸ்பீக்கர்ல பேசுனது யாரு?"

"காத்து டீச்சர்."

டீச்சர் குனிந்து கொசுவத்தைச் சரிசெய்தார். "காத்துக்குக் கொஞ்சம் தைரியம் பத்தல அக்கா. நேர்லயே வந்து பேசலாம்."

அக்கா அன்று தலைவரிடம் என்ன சொன்னாரோ தெரியாது. அடுத்த தையில் தலைவருக்கும் டீச்சருக்கும் அதே கோயிலில் கல்யாணம். அக்காவை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மணப்பெண் பட்டுப்புடவைதான் கட்டியிருந்தார். அக்கா வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இன்றுவரை தலைவருக்குத் தெரியாது. எங்கே பார்த்தாலும், "ராணி எப்படிம்மா இருக்கு?" என்று உண்மையான கவலையோடு கேட்கிறார். அக்காவும் சளைக்காமல், "நல்லாருக்கு தலைவரே, ரெண்டு குட்டி போட்டிருக்கு" என்கிறார்.

நானும் எத்தனையோ முறை, மாட்டியிருந்த மைக்கை மறந்து, மரத்தடியில் தனியாக நின்று யாரிடமும் சொல்லக்கூடாததைப் பேசியிருக்கிறேன். அதெல்லாம் அக்காவிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியாது.