பதினான்கு ஒரே மகன்கள்

ஒரே மகனாகப் பிறந்தவனைப் பட்டாளத்துக்கு அழைப்பதில்லை என்று ஜார் சக்கரவர்த்தியின் அரசு கருணைகூர்ந்து சட்டம் போட்டிருந்தது. எங்கள் வெர்போவ்கா ஊர் யூதர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ஆகவே நாங்கள் எல்லோரும் ஒரே மகனாகவே பிறந்தோம்.

வீட்டில் இரண்டாவது பையன் பிறந்தால், ஆற்றங்கரையில் மாவு மில் வைத்திருந்த யெஹியேல் மெல்னிக்கின் மகன் என்று பதிந்துவிடுவார்கள். அவருக்குப் பிள்ளை கிடையாது, கல்யாணமே கிடையாது. என் அண்ணன் ஸல்மான் எங்கள் அப்பாவின் ஒரே மகன். ஃபைவிஷ் ஆகிய நான் மெல்னிக்கின் ஒரே மகன். சாப்பாடும் அடியும் மட்டும் பழைய அப்பாவிடம். இப்படி முத்திரை குத்திய சான்றிதழோடு மெல்னிக்குக்குப் பதினான்கு ஒரே மகன்கள் சேர்ந்தோம்.

எனக்கு இருபத்தோரு வயதான வருடம், தராசென்கோ என்ற அரசாங்க ஆய்வாளர் வந்து ஊரின் பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார். மெல்னிக்கைக் கூப்பிட்டார். குட்டு உடைந்தால் முதலில் துப்பாக்கி தூக்க வேண்டியவன் நான்.

"பதினாலு பேரும் எப்படிய்யா ஒரே மகன்?"

"ஒவ்வொருத்தனாப் பாருங்க ஐயா. சேர்த்துப் பார்த்தாத்தான் கண்ணை உறுத்தும்."

தராசென்கோ யோசித்தார். முத்திரை அரசாங்கத்துடையது, அரசாங்கம் பொய் சொல்லாது. ஆகவே சான்றிதழ் சரி, தவறு ஊரில்தான். ஒரே மகன்கள் பதினான்கு என்றால் யெஹியேல் மெல்னிக்கும் பதினான்கு பேர் இருந்தாக வேண்டும். மீதிப் பதின்மூன்று பேரை நாளை மதியத்துக்குள் ஆஜர்படுத்தும்படி எழுத்து மூலம் உத்தரவிட்டார்.

ஊர் ஜெப ஆலயத்தில் கூடியது. சொந்தப் பையனுக்கே அப்பாவாக நின்றால் மூத்தவனும் கணக்கில் வந்துவிடுவான். அதனால் அப்பாக்கள் பிள்ளைகளை மாற்றிக்கொண்டார்கள். என் அப்பா தையற்காரர் மகனுக்கு மெல்னிக் ஆனார். மூன்று பையன் உள்ள வீடுகள் இரண்டு இருந்ததால் ஓர் அப்பா குறைந்தார். குறைந்தது எனக்குத்தான்.

மறுநாள் அசல் மெல்னிக்கையும் சேர்த்துப் பதின்மூன்று யெஹியேல் மெல்னிக்குகள்தான் வரிசையாக நின்றார்கள். நான் தனியாக நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

தராசென்கோ மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உனக்கு ஒரு அப்பா வேணும். எனக்கு ரெண்டு பசங்கடா. சின்னவனுக்கு இருபது ஆகுது. நான் உனக்கு அப்பாவா இருந்துக்கிறேன், நீ அவனுக்கு அப்பாவா இரு."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க ஐயா. அதுவுமில்லாம அவனுக்கும் எனக்கும் ஒரு வயசுதானே வித்தியாசம்?"

"படிவத்துல ரெண்டுக்கும் கட்டம் இல்ல."

அப்படியாக அவர் மெல்னிக் ஆனார். அவருடைய மகன் அவருக்கே பேரன் ஆனான். இன்று எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு மெல்னிக் மேல்தான் விழ வேண்டும், யூதரிலும் சரி, கிறிஸ்தவரிலும் சரி. மெல்னிக் என்றால் மாவரைப்பவர் என்பதால், இங்கே நூறு மில்லாவது ஓடியிருக்க வேண்டும் என்று நகரத்து அறிஞர்கள் எழுதுகிறார்கள். ஓடியது ஒன்று.

புது அப்பாவின் செல்வாக்கில் எனக்குப் பதிவேட்டுக் குமாஸ்தா வேலை கிடைத்தது. போன வாரம் ஸல்மான் தன் இரண்டாவது பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, மெல்னிக் என்று எழுதச் சொன்னான். விதிகளில் அதற்கு இடமில்லை என்றேன்.

"டேய், நான் உன் அண்ணன்டா."

பதிவேட்டைத் திறந்து என் பக்கத்தைக் காட்டினேன். எனக்கு அண்ணன் கிடையாது.