தோற்ற ராஜாவும் என் சாய்வு நாற்காலியும்

வீட்டில் எனக்கென்று இருந்த ராஜ்யத்தை மீட்டே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். ராஜ்யம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பின்பக்கத்து அறை, அதன் ஜன்னல், ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி. வரி வசூல் கிடையாது. தூக்கம் மட்டும் உண்டு.

அதன் மேல் படையெடுத்தவை துணிமணிகள். என் மனைவி பழங்கால வேஷங்களைத் தயாரித்து வாடகைக்கு விடுகிறாள். யாராவது விருந்து வைத்து, ஒரு மாலை மட்டும் முந்நூறு வருஷம் பின்னால் போய் உட்கார ஆசைப்பட்டால், தலைப்பாகை முதல் செருப்பு வரை இவள்தான் சேர்த்துக் கொடுப்பாள். முதலில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. பிறகு ஒரு கொடிக்கம்பி. அப்புறம் கவசம், மர வாள், ஜடாமுடி என்று வரிசையாக வந்து குடியேறின. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். நான் சமையலறை முக்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

"எனக்கு உட்கார இடம் வேணும்" என்றேன்.

"உட்காருங்களேன். யாரு வேணாங்கறா?"

"எங்க உட்காரறது? என் நாற்காலியில மகாராணியோட பாவாடை உட்கார்ந்திருக்கு."

"அவங்க வெள்ளிக்கிழமை போயிடுவாங்க. அப்புறம் மந்திரி வர்றாரு."

இப்படி ஒரு பதிலைக் கேட்டுவிட்டு ஒருவன் எப்படி இட்லியோ தோசையோ, எதையாவது நிம்மதியாக விழுங்க முடியும்? விடவில்லை, பேசினேன். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். அப்போது வெள்ளைப் பருத்தியில் ஒரு ராஜா அங்கி தைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டிருந்தவர் ஒரு விழா ஏற்பாட்டாளர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துணியை முகர்ந்து பார்க்கிற ஆசாமி. மற்றவர்கள் கொண்டுபோன ராஜாக்களை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பியவராம்.

"உன் ராஜாவும் திரும்பி வந்தா?" என்றேன்.

"வந்தா, எல்லாத்தையும் மூட்டை கட்டிடறேன். ரூம் உங்களுக்கு. வரலைன்னா உங்க நாற்காலி பால்கனிக்குப் போகணும். சம்மதமா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் இறங்கி வந்ததில்லை. அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

மத்தியானம் அங்கியைத் தைத்து முடித்து மாட்டிவிட்டு, அக்காவோடு கடைக்குக் கிளம்பினாள். திரும்ப சாயங்காலம் ஆகும் என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே புத்திமதி சொன்னாள்.

"ராஜாவைக் கொஞ்சம் பார்த்துக்குங்க. டீ பட்டா கறை போகவே போகாது. பால்கனிச் சுவரு சொரசொரன்னு இருக்கு, அதுல உரசினா முழங்கை நைஞ்சிடும். ஈரத்தோட சுருட்டி மட்டும் வெச்சிடாதீங்க, அந்த மடிப்பு எந்த இஸ்திரிக்கும் மசியாது."

"சரி."

"கிரீடத்து மேல உப்புத்தாள் படக்கூடாது."

"உப்புத்தாளா? அது எங்க இருக்கு?"

"அலமாரி கீழ்த்தட்டுல, நீல டப்பாவுக்குப் பின்னால. எதுக்குக் கேக்கறீங்க?"

"தெரியாம கை பட்டுடக்கூடாது பாரு, அதான்."

அவள் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ராஜாவை எப்படிக் கெடுப்பது என்று எனக்குச் சுயமாகத் தெரியாது. அவள் சொன்ன வரிசையிலேயே போனேன். வழக்கம்போல் சர்க்கரை தூக்கலாக ஒரு பாத்திரம் டீ போட்டேன். வெற்றிக்காக ஒரு வாய் நான் குடித்தேன். மிச்சத்தை ராஜா குடித்தார். பிறகு அவரைப் பால்கனிச் சுவரில் வைத்து முழங்கை, முழங்கால், கீழ் விளிம்பு என்று தேய்த்தேன். விளிம்பில் அவள் கையாலேயே போட்ட பொடித் தையல் வரிசையாக இருந்தது. அதைப் பார்த்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. தையல் பிரியாமல் பார்த்துத் தேய்த்தேன். கிரீடத்தின் பொன் பூச்சை அங்கங்கே உப்புத்தாளால் சுரண்டினேன். கடைசியில் அங்கியை ஈரத்தோடு சுருட்டி, மகாராணியைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நல்ல தூக்கம்.

சாயங்காலம் வந்தவள் அங்கியைப் பிரித்து முன்னும் பின்னும் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பூனை வந்தது என்றேன்.

"பூனை டீ குடிக்குமா?"

"இது குடிக்கும்போல இருக்கு."

அங்கியை உதறி மறுபடி கொடியில் மாட்டிவிட்டுச் சமைக்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் ஏற்பாட்டாளர் வந்தார். அந்தக் காட்சியைப் பார்ப்பதற்காகவே ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். மனுஷர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அங்கியை முகர்ந்தார். முழங்கையைத் தடவினார். அதற்குள் மனதளவில் நான் கொடிக்கம்பியைக் கழற்றி, கவசத்தைப் பரணில் போட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பியும் விட்டேன்.

"போர்ல தோத்து, காட்டுல அலைஞ்சு திரும்பி வர்ற ராஜா. நான் கேட்டது இதைத்தான்" என்றார். "மத்தவங்க எல்லாரும் நேத்துக் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு கொண்டாந்து நீட்டறாங்க. இந்தக் கறையைப் பாருங்க. இந்த நைஞ்சலைப் பாருங்க. தையல் ஒண்ணுகூடப் பிரியலையே. யாரும்மா இந்த வேலை செஞ்சது?"

"வீட்டுல ஒருத்தர் இருக்காரு. இதுக்குன்னு உட்கார்ந்தா பொறுமையா செய்வாரு" என்றாள் என் மனைவி, மிகவும் அடக்கமாக.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆபீசில் இத்தனை வருஷமாக ஒருத்தரும் என் வேலைக்காகக் கை கொடுத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த வார விருந்துக்கு ராஜா போதும், அடுத்த விருந்துக்குத் தோற்ற படை முழுவதற்கும் உடுப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாற்காலியைப் பால்கனிக்கு நானேதான் தூக்கிக்கொண்டு போனேன். சொரசொரப்பான சுவருக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதில் சாய்ந்து கண்ணை மூடும்போது, காலடியில் ஏதோ பொத்தென்று விழுந்தது. சிப்பாய்களின் புத்தம்புது வெள்ளை உடுப்பு, இடுப்பு உயரக் குவியல்.

"அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். இதுல டீ மட்டும் பட்டுடக்கூடாது" என்றாள்.

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய், ஆவி பறக்கும் பெரிய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"சர்க்கரை போடலைங்க. போன தடவை விருந்து நடுவுல ராஜா மேல எறும்பு ஏறிடுச்சாம்."