ஆற்றங்கரையில் நாற்பத்தேழு நிமிடங்கள்

"நாப்பத்தேழு நிமிசம், ராபின். கண்ணை நல்லாத் தொறந்து பாரு. ஒரே எடத்துல நாப்பத்தேழு நிமிசம்."

பூபாலன் கணினித் திரையில் விரலை வைத்து அழுத்திய அழுத்தத்தில் அந்த எண்ணே நசுங்கிவிடும் போலிருந்தது. ராபின் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் முகம் வாடியிருந்தால் பூபாலனுக்கு அன்றைய பொழுது இனிதே கழிந்திருக்கும். மாறாக, அது மலர்ந்தது.

"நான் சொன்னேம்லா அண்ணாச்சி? ஆட்டத்துல வெட்டுப்பட்டு ஒருத்தன் நெசமா கெடந்தாம்னா, யாராலயும் தாண்டிப் போவ முடியாது."

"வெட்டுக்காயத்தையா பாத்துட்டிருந்தா அந்தப் புள்ள? அவன் பேசறதைப் படிச்சிருக்கறா. அறுவது வரி எழுதி வெச்சிருக்கறேன்."

"அறுவது வரியா? கொடல் சரிஞ்சு கெடக்கவன் அறுவது வரி பேசுவானா? மேடையில மைக் புடிக்கவனுக்கே அம்புட்டு மூச்சு கெடையாது."

திருப்பூர் வீரபாண்டியில் தீனதயாளனின் பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில், துணி வெட்டும் பகுதிக்கு நேர் மேலே உள்ள அறையில் இச்சண்டை நான்கு ஆண்டுகளாக நடந்து வருகிறது. பின்னலாடையைத் தவிர வேறொன்றும் அறியாத குடும்பத்தில் பிறந்த தீனதயாளனுக்குச் சிறு வயதில் பழைய பாணிக் கணினி விளையாட்டுகளின்மேல் தீராத காதல் இருந்தது. ஆடுகிறவர் ஒரு வீரனாக உருவெடுத்து, ஊர் ஊராகச் சென்று, கண்டவரோடெல்லாம் உரையாடி, வாய்ச்சொல் பலிக்காத இடத்தில் வாளெடுக்கும் விளையாட்டுகள் அவை. அப்படி ஒன்றைத் தமிழில் செய்து பார்க்க வேண்டும் என்று முருகன் சந்நிதியில் பூப்போட்டுக் கேட்டு, உத்தரவு கிடைத்ததும், கதை எழுதப் பூபாலனையும் சண்டை அமைக்க ராபினையும் மாடியில் ஏற்றினார்.

பூபாலன் சோமனூர்க்காரர். அதே கம்பெனியில் பதினாறு ஆண்டுகள் ஏற்றுமதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தவர். ராபின் தூத்துக்குடியிலிருந்து வந்தவன். கணினியில் அவன் செய்யாத வித்தை இல்லை, பூபாலனை மதிப்பதைத் தவிர.

பழைய முறைப்படி, விளையாட்டில் போர் வரிசை வைத்து நடக்கும். ஒருவன் வெட்டி முடிக்கும் வரையில் மற்றவன் காத்திருப்பான். ராபினுக்கு அது ஆகாது.

"இது சண்டையா, கல்யாணப் பந்தியா? 'நீங்க மொதல்ல வெட்டுங்க.' 'இல்லீங்க, நீங்க பெரியவங்க, நீங்களே வெட்டுங்க.' ஒங்க ஊரு மரியாதையக் கொண்டு போயி போர்க்களத்துல வச்சிருக்கிய."

பூபாலனும் இளைத்தவர் அல்லர். ராபின் உண்மைத்தன்மை என்ற பெயரில் கேடயத்துக்கு எடை வைத்தான், ஈரச் செருப்புக்குக் கொப்புளம் வைத்தான், சிறு கீறலுக்கும் சீழ் வைத்தான். பூபாலன் பன்னிரண்டு முறை ஆடிப் பார்த்தார். பன்னிரண்டு முறையும் அரண்மனை வாயிலைக் கூடக் காணாமல், வழியில் முள் குத்திய காயம் முற்றி இறந்தார்.

"ராஜகுமாரன் முள்ளு குத்திச் சாகறதுக்கு எதுக்கப்பா ஒரு கதை? ஆஸ்பத்திரிச் சீட்டு போதுமே."

"நீங்க மட்டும் என்ன? வாசக்காவலாளிட்ட வழி கேட்டா, அவன் கொள்ளுத்தாத்தா யானை மேய்ச்ச கதையச் சொல்லுதான். வழியச் சொல்ல மாட்டுக்கான்."

இதுவரையில் இது வாய்ச்சண்டையாகவே இருந்தது. சென்ற வாரம்தான் தீனதயாளன் மாடிக்கு வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாசக் கடைசிக்கு மேல இங்க ஒருத்தருக்குத்தானுங்க வேலை. கதைக்காக ஆடறாங்களா, சண்டைக்காக ஆடறாங்களான்னு பாத்துப்போட்டு, அவரை மட்டும் வெச்சுக்கறேன். மத்தவங்க தப்பா நெனச்சுக்க வேண்டாமுங்க."

பூபாலனின் பழைய இடத்தில் இப்போது வேறொருவர் தட்டச்சு செய்கிறார். பூபாலனுக்கு வயது நாற்பத்தாறு. இம்மாடியை விட்டு இறங்கினால், இறங்கி நிற்பதற்கு அவருக்குக் கீழ்த்தளம் இல்லை. அதைவிட, நான்கு ஆண்டுகளாக எழுதிய தொள்ளாயிரம் பக்கங்களும் ஒரு பொத்தானில் அழிந்துபோகும். அவற்றை இதுவரை முழுமையாக வாசித்தவர் உலகில் அவர் ஒருவரே.

ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்ல வெளியாட்களைத் தேட வேண்டியதில்லை என்றார் தீனதயாளன். "நம்ம செக்கிங் ஆளுங்களை அனுப்பறேன். தப்புக் கண்டுபுடிக்கறதுல அவங்களை மிஞ்ச ஆளில்லைங்க."

தைத்து வரும் ஆடைகளை மேசையில் விரித்துக் குறை பார்க்கும் பிரிவிலிருந்து மூவர் வந்தனர். இருவர் கால்மணி நேரத்தில் இறந்துபோய், 'தையல் சுத்தம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்றாமவள் நாகஜோதி, பரமக்குடிப் பக்கத்துப் பெண். அவள் முதல் நாளே ஒரு குறையைக் கண்டுபிடித்தாள்.

"சார், இந்த ராசாவோட எடது கை, வலது கையை விட அரை இஞ்சு கூடுதலா இருக்கு."

அளந்து பார்த்தார்கள். இருந்தது.

அந்த நாகஜோதிதான் ஆற்றங்கரையில் நாற்பத்தேழு நிமிடங்கள் இருந்தவள். ஆற்றங்கரை என்பது ஆட்டத்தின் நடுவில் வரும் சிறு காட்சி. மரத்தடியில் பகைநாட்டு வீரன் ஒருவன் வெட்டுண்டு கிடப்பான். தன் கதையைச் சொல்வான். தண்ணீர் கொடுப்பதா, கொன்றுவிடுவதா, கடந்து போவதா என்று ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்கும் வரையில் அவன் காத்துக்கிடப்பான்.

கணக்கைப் பார்த்த தீனதயாளனுக்கு உடம்பு சிலிர்த்தது.

"இந்தப் புள்ளதானுங்க நம்ம அப்ரூவ்டு சாம்பிள்," என்றார்.

திருப்பூரில் அச்சொல்லுக்கு மேல் ஒரு சொல் இல்லை. வெளிநாட்டு வியாபாரி கையொப்பமிட்டு முத்திரை வைத்துத் தந்த மாதிரி ஆடைதான் இங்கே வேதம். அதில் ஒரு தையல் கோணலாக இருந்தால், ஐம்பதாயிரம் ஆடைகளிலும் அதே கோணல் இருந்தாக வேண்டும். நேராகத் தைத்தவன்தான் குற்றவாளி. ஆதலால் அன்றுமுதல் நாகஜோதி எங்கே தங்குகிறாளோ அது வளர்ந்தது. எங்கே தங்கவில்லையோ அது வெட்டப்பட்டது.

கோட்டைப் போரை அவள் இரண்டு நிமிடங்களில் தோற்றுவிட்டு வந்தாள். ராபின் ஏழு மாதம் உழைத்த போர் அது. அதை வெட்டவேண்டும் என்று தீனதயாளன் சொன்னபோது பூபாலன் வாய் திறக்கவில்லை. மறுநாள் வாயிற்காவலனின் கொள்ளுத்தாத்தாவை அவள் பத்து நொடியில் தாண்டினாள். யானையோடு சேர்த்து அவரையும் அழித்தார்கள். அழிக்கும் பொத்தானை ராபினே மனமுவந்து அழுத்தினான்.

"நல்ல யானை," என்றான். "பாவம், வழியே சொல்லல."

பூபாலன் ஆத்திரத்தை எல்லாம் ஆற்றங்கரையில் கொட்டினார். வீரனின் அறுபது வரிகளை இருநூறாக்கினார். அவனுக்கு ஒரு தங்கை, ஒரு பொய்ச்சத்தியம், திரும்பிப் போக முடியாத ஓர் ஊர் என்று சேர்த்தார். எழுதும்போது அவர் கண்களே கலங்கின. நாகஜோதி அன்று ஒருமணி நேரம் பத்து நிமிடம் இருந்தாள்.

"எழுத்துங்க மொதலாளி," என்றார் பூபாலன், குரல் தழுதழுக்க.

ராபின் விடுவானா? வீரனின் மூச்சை ஏறி இறங்க வைத்தான். காயத்தில் ஈ மொய்க்க வைத்தான். நாகஜோதி மறுநாள் இரண்டு மணி நேரம் இருந்தாள்.

"ஈயி சார்," என்றான் ராபின், தீனதயாளனிடம். "ஈ மொய்க்கதுதான் நெசம்."

இவ்வாறு மூன்று வாரங்கள் கழிந்தன. அரசன் போனான், அவன் நீளக் கையும் போயிற்று. அரண்மனை போயிற்று, படை போயிற்று, பன்னிரண்டு ஊர்களும் போயின. நான்காண்டு உழைப்பில் மிஞ்சியவை ஓர் ஆறு, ஒரு மரம், சாகாமல் பேசிக்கொண்டே கிடக்கும் ஒரு வீரன், அவன்மேல் மிகவும் உண்மையான ஈக்கள். விளையாட்டை வாங்க விரும்பிய பெங்களூர்க் கம்பெனிக்கு மாதிரியை அனுப்பினார்கள். 'இதில் ஆடுகிறவர் செய்ய வேண்டியது என்ன?' என்று கேட்டுக் கடிதம் வந்தது.

"அவங்களுக்குத் தெரியாதுங்க," என்றார் தீனதயாளன். "நம்ம சாம்பிள் பேசுமுங்க. அடுத்த வாரம் நேர்ல வாரேன்னிருக்கறாங்க. நாகஜோதியை உக்கார வெச்சுக் காட்டிப்போடலாம். அதுக்குள்ள, கதையா சண்டையான்னு ஒரு முடிவுக்கு வந்தாகோணும்."

முடிவுக்கு வழி சொன்னவன் ராபின்தான். "ஒரே ஒரு சோதனை வையுங்க சார். வயித்துல வெட்டு வாங்கினவன் நீங்க முடிவெடுக்க வரைக்கும் காத்துக் கெடப்பானா? ரெண்டு நிமிசத்துல ரத்தம் போயி சாவான். அப்பிடி மாத்துதேன். அப்பத்தான் அந்தப் பொண்ணு பதறும், ஓடும், தண்ணி குடுக்கும். அதாம்லா ஆட்டம்?"

பூபாலன் மனத்துக்குள் கணக்குப் போட்டார். இரண்டு நிமிடத்தில் இருபது வரி கூட ஓடாது. நூற்றெண்பது வரிகள் வீரனோடு உடன்கட்டை ஏறும். "கொலைகாரா," என்றார் மெதுவாக.

வெள்ளிக்கிழமை காலை தீனதயாளன் பின்னால் வந்து நிற்க, நாகஜோதி ஆடினாள். ஆற்றங்கரைக்கு வந்தாள். எப்போதும்போல் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் ஆயிற்று. வீரன் தலை சாய்ந்தது. ஈக்கள் பறந்தன. திரை இருண்டு, 'ஆட்டம் முடிந்தது' என்று எழுத்து வந்தது.

நாகஜோதி திரும்பிப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"செத்துட்டான் சார்," என்றாள். "அதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

கீழே வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது வேண்டாமாம்மா?" என்று கேட்டார் தீனதயாளன்.

"வேணாம் சார். பழையபடியே விட்டுருங்க. அவன் பொழைக்கவும் வேணாம், சாகவும் வேணாம். பேசிக்கிட்டே கெடக்கட்டும் சார், பாவம்."

பேசிக்கிட்டே கெடக்கட்டும். நாற்பத்தாறு ஆண்டுகளில் பூபாலனுக்குக் கிடைத்த முதல் விமரிசனம் அது. ராபினைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு ஒன்று சிரிக்க வேண்டும் என்று நான்காண்டுகளாகச் சேமித்து வைத்திருந்தார். ராபின் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததால், அதைச் செலவிட முடியவில்லை.

சனிக்கிழமை ராபின் தன் பொருள்களை ஒரு துணிப்பையில் எடுத்து வைத்தான். அவன் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அது பூபாலனுக்கு முன்பே தெரியும். அன்றுதான் நினைவுக்கு வந்தது.

"வேற எங்கியாச்சும் வேலைக்குச் சொல்லி வெச்சிருக்கறியா?" என்று கேட்டார்.

"பாக்கணும்." ராபின் பையின் வாயை முடிச்சிட்டான். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லட்டா? அந்தக் கொள்ளுத்தாத்தா கதைய நான் ரெண்டு மட்டம் படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒங்கட்ட சொன்னா தலைகால் தெரியாம ஆடுவியன்னுதான் சொல்லல."

"ஏம்ப்பா அழிச்சே அப்பறம்?"

"என் கோட்டை போனப்ப நீங்க சும்மாதானே இருந்திய?"

ராபின் கதவருகில் நின்றான். "எழுதுங்க. ஒங்க எழுத்துக்கு அழ ஒரு ஆளாவது இருக்கு. என் சண்டைக்கு அதுவும் இல்ல," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

மனம் கனத்தது. எனினும், அந்தக் கனத்துக்கு அடியில் ஒரு சிறு பெருமிதமும் இருந்தது. அதைப் பூபாலன் மறைத்துப் பார்த்தார், மறையவில்லை. அறையின் மூலையில் நாகஜோதி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருந்தாள். வீரன் பழையபடி சாகாமல் கிடந்தான். முதல் வாசகியின் அருகே பூபாலன் சென்று நின்றார். அவள் பதறி எழப் பார்த்தாள்.

"உக்காரு கண்ணு, உக்காரு. ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லோணும். ராபின் போயிட்டான். இனி இந்தக் கதையை நம்பித்தான் நான் இருக்கறேன். இந்த இருநூறு வரியில, எந்த வரி உன்னைப் புடிச்சு இங்க வெச்சுது?"

நாகஜோதி வாயிற்பக்கம் எட்டிப் பார்த்து, முதலாளி இல்லை என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீக சார், நான் ஒரு வரியும் படிக்கல, பதினோரு வருசமா செக்கிங் டேபிள்ல நின்னே கெடந்த காலு சார் இது, இந்த ஆட்டத்துல இந்த ஒரு எடத்துலதான் எதையும் அமுக்காம எம்புட்டு நேரம் உக்காந்திருந்தாலும் ஏன்னு யாரும் கேக்க மாட்டாக."