பாப்பா நடக்க வேண்டிய புல்வெளி

காவலூர்
12-10-1981

அன்புள்ள அண்ணாவுக்கு, தங்கை காந்தா வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம், உங்கள் மாப்பிள்ளை நலம், பாப்பாவும் நலம். புல்வெளிதான் நலமில்லை. அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா?

பாப்பாவுக்கு ஒன்றரை வயதாகியும் நடை வரவில்லை என்று முன்பே எழுதியிருந்தேன். வேலூர் டாக்டர் புல்தரையில் வெறுங்காலோடு விடச் சொன்னார். விட்டேன். முதல் அடியிலேயே நெருஞ்சி முள் குத்தி, அன்றிலிருந்து தரையில் நிறுத்தினாலே காலை மடக்கிக்கொள்கிறாள். அதற்காகத்தான் உங்கள் கடையிலிருந்து களைக்கொல்லி கேட்டேன். அகன்ற இலைக் களைகள் மட்டும் சாகும், புல்லுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தும் பயம் தீராமல், மருந்து தெறித்துவிடுமோ என்று பாப்பாவின் பால் புட்டிகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மருந்தடித்தது உங்கள் மாப்பிள்ளை. ராத்திரி முழுக்க வானாய்வுக் கூடத்தில் தொலைநோக்கியோடு இருந்துவிட்டுப் பகலில் ஜன்னலில் கம்பளி கட்டித் தூங்குகிறவர், இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் புல்வெளியை வெயிலில் பார்த்ததே கிடையாது. "நம்ம லான் மெத்த மாதிரி" என்ற பெருமை மட்டும் உண்டு. வேலைக்குக் கிளம்பும் முன், இருட்டுகிற நேரத்தில், சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சை என்னைப் பிடிக்கச் சொன்னார். வெள்ளை வெளிச்சம் பட்ட கண்ணுக்கு அப்புறம் நட்சத்திரம் சரியாகத் தெரியாதாம். அந்தச் சிவப்பில் இலையெல்லாம் கறுப்பு. "எது புல்லு, எது களைன்னே தெரியலையே" என்றேன். "மருந்துக்குத் தெரியும், நீ நேரா புடி" என்றார்.

மருந்துக்குத் தெரிந்துதான் இருந்தது அண்ணா. இரண்டு வாரத்தில் முறுக்கிக்கொண்டு, பழுத்து, காய்ந்து மொத்தமும் போய்விட்டது. அங்கே புல்லே இருந்திருக்கவில்லை; பச்சையைப் பார்த்து நானும் ஏமாந்திருக்கிறேன். மெத்தை என்றதெல்லாம் அகன்ற இலைப் புளியாரையும் வல்லாரையும்தான். பாத்திரம் தேய்க்க வரும் குப்பம்மா, "இன்னாம்மா, ஐயா தோட்டத்துக்கு மொட்ட அடிச்சிட்டாரா? எந்த சாமிக்கு வேண்டுதலு?" என்று சத்தமாகக் கேட்க, இவர் கம்பளியை விலக்கி முதல் தடவையாகப் பகலில் எட்டிப் பார்த்து, "இது யார் வூட்டு வாசல்?" என்கிறார்.

நெருஞ்சியும் செத்தது, உங்கள் மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செடி போயும் முள் போகவில்லையே. இலைக்கடியில் கிடந்தது இப்போது காய்ந்து இறுகி மண்ணின் மேல் கிடக்கிறது. மருந்து பட்ட மண் என்று பாப்பாவைப் படி தாண்ட விடாமல் வைத்திருக்கிறேன். நடக்காமலே இருந்துவிடுவாளோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. இவரிடம் சொன்னால், "நேரம் வந்தா நடப்பா" என்று தூங்கப் போய்விடுகிறார். ஆகையால் நல்ல அருகம்புல்லை வேரோடு ஈரச்சாக்கில் சுற்றி பஸ்ஸில் போட்டு அனுப்புங்கள். முள் பொறுக்க வழி இருந்தால் அதையும் எழுதுங்கள்.

அண்ணிக்கு நமஸ்காரம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் வியாபாரம் ஓஹோவென்று நடக்கட்டும், எங்களுக்கு மட்டும் எதுவும் விற்காமல்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை
காந்தா

பி.கு.: காலையில் இதைத் தபாலில் சேர்க்கக் கதவைத் திறந்தேன். பாப்பா என் புடவையைப் பிடித்து எழுந்து, கையை விட்டுவிட்டு, அந்த மொட்டைத் தரையில் கேட் வரைக்கும் நடந்தே போய்விட்டாள். அவள் காலில் ஒரு முள் இல்லை; துரத்திய என் காலில்தான் அத்தனையும். புல் வேண்டாம் அண்ணா. கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் அனுப்புங்கள்.